நுரை செத்த குவளை

கஞ்சித் தண்ணீர் போல மங்கலாக இருந்த அந்தப் பீரை ராசப்பன் கையால் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரேத விசாரணைக்கு வந்தவர் போலக் குனிந்து பார்த்தார்.

மதுவிலக்குப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதே கொல்லிமலையின் ஓடைக்கரைகளில் கள்ளச்சாராய ஊறல் பானைகளைத் தேடித் தேடி உடைத்தவர். ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவரின் கூடப்பிறந்த தங்கை மகன் மாரப்பன், பெங்களூரில் முறையாக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பெல்ஜியம் நாட்டுப் பாணியில், ஆனால் இந்த மலை ஆரஞ்சின் தோலைப் போட்டு, கோதுமை பீர் காய்ச்சுகிறான். விதி சிரிக்கும் என்பார்கள். ராசப்பன் விஷயத்தில் அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தொழில் தொடங்கிய நாளிலிருந்து மருமகனோடு அவர் பேசுவதில்லை. இன்று நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்ததற்குக் காரணம் பாசம் அல்ல. அந்தப் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பெயர். தன் சரக்குக்கு மாரப்பன் 'பெரியூடு' என்று பெயர் வைத்திருந்தான். அது அவன் அம்மா பிறந்த வீட்டின் பெயர். அதாவது ராசப்பன் பிறந்த வீட்டின் பெயர். அந்தப் பெயர் தாங்கிய சரக்கை ஒருவன் 'செத்த பீர்' என்று சொன்னதாகச் செய்தி வந்தபோது, பீரைப் பற்றி அவருக்கு இருந்த கருத்து ஓரமாக ஒதுங்கி நின்றது.

நடந்தது இதுதான். ஊர்த்தொகுதியை நாடு என்று சொல்லும் அந்த மலையில், திண்ணனூர் நாட்டில் புதிதாக எழும்பியிருக்கும் சொகுசு விடுதியில் காலையில் ஒரு சுவைப் போட்டி. களத்தில் நான்கு கோதுமை பீர்கள். சேலத்து வியாபாரி பூபாலன் பெல்ஜியத்திலிருந்தே இறக்குமதி செய்தது ஒன்று, பெங்களூர் கம்பெனி ஒன்றினுடையது, கோவாவிலிருந்து வந்தது, பிறகு மாரப்பனுடையது. எந்தக் குவளை யாருடையது என்று நடுவர்களுக்குச் சொல்லவில்லை. ஜெயிக்கும் பீர் அந்த விடுதிக் குழுமத்தின் எல்லா மதுக்கூடங்களிலும் ஏறும். தோற்றவர்கள் மலையிறங்க வேண்டியதுதான்.

முடிவு சொல்ல வேண்டியவர் குழுமத்தின் கொள்முதல் அதிகாரி கிருஷ்ணகுமாரி. அவருக்குத் துணையாகப் பெங்களூரிலிருந்து தாடி வைத்த ஒரு நிபுணர். அந்தத் தாடிக்காரர் பீரைக் குடிப்பதை விட முகர்வதில்தான் அதிக நேரம் செலவிட்டார். ஒரு குவளையில் மழைக்கு முந்தின வைக்கோல் போர் தெரிகிறது என்றார். இன்னொன்றில் கிராம்பு கடித்த பாட்டனாரின் மூச்சு என்றார். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சிய திரவத்தில் கொத்தமல்லியும் ஆரஞ்சும் தெரிகின்றன என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னபோது, கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

மூன்றாவது குவளைக்கு வந்ததும்தான் விபரீதம். இந்த வகைப் பீருக்கு மேலே வெள்ளைத் துண்டு போர்த்தியது போல நுரை நிற்க வேண்டும். மற்ற மூன்றிலும் நின்றது. மூன்றாவதில் ஊற்றிய வேகத்திலேயே அடங்கிவிட்டது. நடுவர்கள் இருவர் குவளையிலும் அதே கதி. 'செத்த பீர்' என்று வாயில்கூட வைக்காமல் தள்ளிவிட்டார் தாடிக்காரர். அது மாரப்பனுடையது.

"ஏனுங்க ஐயா, பாடி என்ன சொல்லுதுங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற தேன்மொழி.

அவருக்குக் கீழே ஏட்டாக இருந்தவள். அவர் ஓய்வு பெற்றதும் தானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அவருடைய துப்பறியும் அலுவலகத்தையும் ஜீப்பையும் சேர்த்தே ஓட்டுகிறவள். அவளுடைய வாயை அடக்க அரசாங்கத்தாலேயே முடியவில்லை என்பதால் ராசப்பன் முயற்சி செய்வதில்லை. அதே சரக்கில் இன்னொரு பாட்டிலைத் திறந்து, அவளுடைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றச் சொன்னார்.

ஊற்றினாள். நுரை எழும்பியது. எழும்பிய நுரை அப்படியே நின்றது. கூடம் முழுக்க எட்டிப் பார்த்தது. அவள் அதற்குள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சாட்சியைப் பரிசோதித்ததாகச் சொன்னாள்.

"அப்ப பீர் மேல குத்தமில்ல" என்றார் ராசப்பன். "குவளை மேல."

பெல்ஜியத்தில் ஒவ்வொரு பீருக்கும் தனிக் குவளை உண்டாம். வீட்டுக்கு வீடு குலதெய்வம் இருப்பது போல. அந்த வழக்கத்தை மதித்து, போட்டியாளர்கள் தங்கள் தங்கள் குவளையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் கிருஷ்ணகுமாரி. மாரப்பனும் இதற்கென்றே புதிதாக வாங்கிய குவளைகளைக் கொண்டுவந்திருந்தான். எல்லார் குவளைகளும் காலையிலிருந்து பின்னறை மேசையில் இருந்தன. ஊற்றுவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசல். அவ்வளவுதான்.

ஊற்றாமல் மிச்சமிருந்த ஒரு குவளையைத் தேன்மொழி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்பக்கம் மூன்று இடத்தில் மினுமினுத்தது. ராசப்பன் விரலை விட்டு வழித்து மூக்கருகே கொண்டுபோனார். விளக்கெண்ணெய்.

எண்ணெய் பட்டால் நுரை சாகும் என்பது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீருக்கு விளக்கெண்ணெய் மசியாது என்பதும் தெரியும். சதிகாரன் தெரிந்துதான் செய்திருக்கிறான் என்று ராசப்பன் அறிவித்தார்.

"மூணு பொட்டு வச்சாப்புல இருக்குதுங்க ஐயா" என்றாள் தேன்மொழி, குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "கெடுக்கோணும்னு வந்தவன் சுத்தியும் தடவ மாட்டானுங்களா? இது என்னமோ ஆயுத பூசை பண்ணுனாப்புல இருக்குது."

அவசரத்தில் மூன்று விரலால் இழுத்திருப்பான் என்று அவர் அந்தப் பேச்சை வெட்டினார். காலையில் பின்னறைக்குள் தனியாகப் போனவர் யார் என்று கேட்டார். தன் குவளைகளை அடுக்கி வைக்கப் பூபாலன் போனதாகப் பணியாளர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இருந்தது. பூபாலனின் தோல்பையைத் திறந்தார்கள். சீப்பு, பவுடர், சட்டை, சட்டைக்கு நடுவில் சுருட்டிய துண்டு, துண்டுக்குள் விளக்கெண்ணெய்ப் புட்டி. அது எதற்கு என்று ராசப்பன் கேட்டார். பூபாலனின் முகம் சிவந்தது. சொந்த உபயோகத்துக்கு என்றான். என்ன உபயோகம் என்றார். அது சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்றான். இன்ஸ்பெக்டர் காலத்துக் குரலில் மறுபடி கேட்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தொப்புள்ல வைக்கிறதுக்கு சார். எனக்குச் சூட்டு உடம்பு."

பீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று மாவட்டம் மாவட்டமாகச் சொல்லி விற்கிறவன், தன் சூட்டுக்கு விளக்கெண்ணெய் வைக்கிறான். கூடத்தில் எழுந்த சிரிப்பில் அவனுடைய உண்மை மூழ்கிப் போனது. சிரிப்பு அடங்குவதற்குள் ராசப்பன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பெரியூட்டு மனுசர்கள் அடுத்தவன் சொத்தில் கை வைத்ததாக இந்த மலையில் ஒரு நாடும் சொன்னதில்லை, பெரியூட்டுப் பொருளில் கை வைத்தவன் தலை நிமிர்ந்து இந்த மலையை விட்டு இறங்கியதாகவும் வரலாறு இல்லை என்று ஆரம்பித்து, மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தி ஓர் உரை நிகழ்த்தினார். தாடிக்காரர் வாய் பிளந்து கேட்டார். அவருக்கு அதில் என்ன வாசனை தெரிந்ததோ.

காலையில் முதலிடம் கொடுத்த பூபாலனைக் கிருஷ்ணகுமாரி அங்கேயே நீக்கினார். தேன்மொழியின் டம்ளரிலிருந்த மிச்சத்தைத் தானும் சுவைத்துப் பார்த்தார். பனி இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்ட முடியாது, அதற்கு முன் மாரப்பனோடு ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறேன் என்றார். மாரப்பன் ஓடிவந்து மாமாவின் காலைத் தொட்டான். அவர் அவனோடு பேசவில்லை. ஆனால் காலை நகர்த்தவும் இல்லை.

பூபாலன் தன் அட்டைப்பெட்டிகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தான். அவன் கூட்டி வந்த டிரைவர்கூட அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெற்றியைத் தங்கையிடம் தானே சொல்ல வேண்டும் என்று ராசப்பன் ஜீப்பைக் குண்டனி நாட்டுக்கு விடச் சொன்னார். போகிற வழியெல்லாம் தேன்மொழி முணுமுணுத்தாள். எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாளாம். தொப்புள் சமாச்சாரத்தைச் சபையில் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவனை இதுவரை பார்த்ததில்லையாம். பொய் சொல்கிறவன் இதைவிட மரியாதையான பொய்யாகச் சொல்லியிருப்பான் என்பது அவள் கட்சி. மிளகுக்கொடி ஏறிய மரங்களைப் பார்ப்பது போல ராசப்பன் வெளியே திரும்பிக்கொண்டார்.

பாப்பாயி மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகனோடு அண்ணன் பேசாமல் இருந்த வருத்தம் அவளுக்கு. இனி அது தீரும் என்று நினைத்திருப்பாள். உள்ளே போய், மகன் வாங்கி வந்தவற்றில் வீட்டுக்கென்று எடுத்துவைத்த ஒரு புதுக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

ராசப்பன் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

தண்ணீரின் மேல் சின்னச் சின்னதாக எண்ணெய்க் கண்கள் மிதந்தன. அவை அவரைப் பார்த்தன. அவர் அவற்றைப் பார்த்தார்.

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். குவளையின் உள்சுவரில் மூன்று மினுமினுப்பு.

"பாப்பாயி, இதுல என்ன தடவுனே?"

"என்னத்தத் தடவறது? வெளக்கெண்ணெதான். புதுச் சாமானாச்சே. மூணு பொட்டு வைக்காமப் பொழங்கலாமா?" என்றவள், அண்ணனின் முகம் போன போக்கைப் பார்த்து மேலும் விளக்கினாள். "நம்மூட்டு வழக்கத்த நீயே மறந்துபோட்டியாண்ணா? சட்டியோ குண்டாவோ, புதுசா எது வந்தாலும் எண்ணெ வச்சுத்தான உள்ள எடுப்போம்? பையன் மொதமொதல்ல சபைக்குக் கொண்டுபோறான். அத்தனை குவளைக்கும் நாந்தான் விடியக்காலம் எந்திரிச்சு துணியில தொடச்சு, பொட்டு வச்சு, பொட்டியில அடுக்கிக் குடுத்தேன். எவன் கண்ணும் பட்றக் கூடாதுல்ல."

தேன்மொழி மெதுவாகச் சொன்னாள். "சதிகாரனைப் புடிச்சாச்சுங்க ஐயா. ஆனா விலங்கு போடோணும்னா உங்க ஊட்டு வழக்கத்துக்குத்தான் போடோணும்."

ராசப்பன் குவளையைக் கீழே வைத்தார். பெல்ஜியத்து வழக்கம் சொந்தக் குவளை வேண்டும் என்றது. பெரியூட்டு வழக்கம் அதற்கு எண்ணெய் வைத்தது. இரண்டு வழக்கமும் சேர்ந்து நுரையைக் கொன்றன. அவர் தம் பங்குக்கு ஒருவனைச் சபையில் நிறுத்தி அவன் தொப்புளை ஊருக்குக் காட்டிவிட்டார்.

இதைத் தெரிந்தவர்கள் இந்த அறையில் இருக்கும் மூன்று பேர்தான் என்பது உடனே அவர் புத்தியில் உறைத்தது. ஒப்பந்தம் இன்னும் கொஞ்ச நேரத்தில் மாரப்பன் கைக்கு வந்துவிடும். வாயைத் திறக்காவிட்டால் பெரியூட்டுப் பெயர் ஊர் ஊராகப் பாட்டிலில் போகும். பூபாலன் யாரோ ஒரு வியாபாரி. சேலத்துக்காரன். நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். மேலும் அவன் புட்டியை ஒளித்து வைத்திருந்தான், ஒளித்து வைத்ததே ஒரு தப்புதானே. இத்தனை நியாயங்கள் ஒரே மூச்சில் தமக்குக் கிடைத்ததைக் கண்டு ராசப்பனே திகைத்தார். ஊறல் பானையோடு பிடிபட்டவர்கள் அவரிடம் சொன்ன நியாயங்கள் இதே ஜாதிதான். அவற்றைக் கேட்டு அவர் லத்தியைத்தான் தூக்கியிருக்கிறார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க ஐயா" என்றாள் தேன்மொழி, கூரையைப் பார்த்தபடி. "எனக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு கொஞ்சம் மங்கல். அந்த பீராட்டமா."

"வண்டிய எடு."

விஷயம் முழுதாகப் புரிந்ததும் பாப்பாயியும் ஜீப்பில் ஏறிவிட்டாள். வர வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூடத்தில் கிருஷ்ணகுமாரி பேனாவைத் திறந்திருந்தார். ராசப்பன் நேராக நடந்து பூபாலனின் முன்னால் போய் நின்றார். அவன் பயந்து எழுந்தான். அவருடைய முதுகு எப்போதும் போல நேராக இருந்தது. 

"நான் சொன்னது தப்புங்க. நீங்க ஒண்ணும் பண்ணல. எண்ணெ வச்சது எங்க ஊட்டு ஆளு. வேணும்னு வைக்கல, வழக்கம்னு வச்சது. அதைக் கண்டுபுடிக்காம உங்களைச் சபையில நிறுத்துனது நானு."

 அத்தனை வருடச் சேவையில் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் அடுத்தவர் பெயரோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது என்பதைத் தேன்மொழி பிற்பாடு நாமக்கல் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.  பூபாலன் மன்னித்தானா என்று தெரியவில்லை. பைக்குள் இருந்த புட்டியை எடுத்து எல்லாரும் பார்க்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மாரப்பன் மாமாவையே பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

போட்டி மறுபடியும் நடக்கும் என்றார் கிருஷ்ணகுமாரி. இந்த முறை தனிக் குவளை கிடையாது. விடுதியின் சாதாரணக் கண்ணாடி டம்ளர்கள், சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவியவை. யார் ஊற்றினாலும் சந்தேகம் வரும் என்பதால், தன் ஐயாவுக்கே சலுகை காட்டாதவளான தேன்மொழி ஊற்றினாள். பாட்டிலின் அடியில் தங்கும் வண்டலை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று தாடிக்காரர் பாடம் எடுத்தார். ரசம் ஊற்றத் தெரிந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம் என்றாள். எந்த டம்ளரில் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

நான்கிலும் நுரை நின்றது.

இம்முறை தாடிக்காரர் வைக்கோல் போரையும் பாட்டனாரையும் கொண்டுவரவில்லை. பேசாமல் குடித்தார். கிருஷ்ணகுமாரி இரண்டு டம்ளர்களுக்கு மட்டும் மறுபடி மறுபடி போனார். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை, மற்றதைக் குடித்துவிட்டு இதை. பாப்பாயி கதவோரம் நின்று, அந்த அம்மாளின் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வலது ஓரத்து டம்ளரை முன்னுக்கு நகர்த்தினார் கிருஷ்ணகுமாரி. அது முதல். அதற்கு அடுத்து நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டு, இது இரண்டாவது என்றார். கொத்தமல்லியும் கோதுமையும் அருமையாகப் பொருந்தியிருக்கின்றன, ஆரஞ்சுத் தோல்தான் கொஞ்சம் தூக்கல், அது மட்டும் அடங்கியிருந்தால் எனக்குத் தீர்ப்புச் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும் என்றார்.

தேன்மொழி ராசப்பனின் காதருகே வந்தாள். முதல் டம்ளர் பூபாலனுடையது என்றாள். இரண்டாவது யாருடையது என்று அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. மலை ஆரஞ்சின் தோலை அள்ளிப் போடுகிற ஆள் அந்தக் கூடத்தில் ஒருவன்தான்.

ஆக, ஒப்பந்தம் போயிற்று. இதில் சதியும் இல்லை, சதிகாரனும் இல்லை. சதி இருந்திருந்தால் தோல்விக்கு ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும். ராசப்பன் தங்கை பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உம் மவன் தோலை அளந்து போட்டிருக்கக் கூடாதா?"

பாப்பாயி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதலா வந்திருந்தா 'பெரியூட்டு ரத்தம்'னு இந்நேரம் பேச ஆரம்பிச்சிருப்பே. ரெண்டாவதா வந்தான், ஒடனே எம் மவன் ஆயிட்டானா?"

 மாரப்பன் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான். காலி பாட்டில்களைப் பெட்டியில் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். பேர் வெளியே தெரியாதபடி ஒவ்வொன்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

தாடிக்காரர் இரண்டாவது டம்ளரை மறுபடியும் எடுத்தார். போட்டி முடிந்த பிறகு அவர் தொட்டது அது ஒன்றைத்தான். குடித்து முடித்து, உதட்டில் ஒட்டிய நுரையைத் துடைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது யாரோடது?"

மாரப்பன் திரும்பவில்லை. தேன்மொழி வாயைத் திறந்தாள். ராசப்பன் அவளைக் கையால் தடுத்துவிட்டு, இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

"எங்க ஊட்டுதுங்க" என்றார்.